டாக்டர் ரிவர்ஸுக்கு ஒரு ஹவில்தாரின் மகள் எழுதுவது

மதிப்பிற்குரிய டாக்டர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அவர்களுக்கு,

நீங்கள் 1922 ஜூன் 4ஆம் தேதி கேம்பிரிட்ஜில் காலமாகிவிட்டீர்கள். நான் பிறந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை. உங்கள் கைக்கு இந்த மடல் வந்து சேராது. போரில் மனம் உடைந்தவர்களுக்காக நீங்கள் செய்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பவர்களும், அவர்களிடம் போகத் தயங்கி வீட்டுக்குள்ளேயே புழுங்கும் குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

1917 டிசம்பர் 4ஆம் தேதி, லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் நீங்கள் ஒரு கட்டுரை வாசித்தீர்கள். போர் அனுபவத்தை மனசுக்குள் போட்டு அமுக்குவதைப் பற்றியது அது. அடுத்த பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் அச்சானது. முதல் உலகப்போரின் முனையிலிருந்து நிலைகுலைந்து திரும்பிய அதிகாரிகளுக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். நடந்ததை நினைக்காதே, யாரிடமும் பேசாதே, அழகான காட்சிகளை நினைத்துக்கொள், மறந்துவிடு. டாக்டர் சொன்னார், மனைவி சொன்னார், பெற்றவர்கள் சொன்னார்கள். அந்த அதிகாரிகளும் முழு முயற்சியோடு பகலெல்லாம் மறந்துகொண்டிருந்தார்கள். இரவில் அத்தனையும் சேர்ந்து திரும்பி வந்தது. அந்த மனிதர்கள் படுகிற பாட்டில் பெரும்பங்கு, நடந்த சம்பவத்தால் மட்டும் வருவதில்லை, அதை நினைவிலிருந்து விரட்டப் படும் பாட்டால் வருகிறது என்று நீங்கள் சபையில் எழுந்து சொன்னீர்கள்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள், மருத்துவம் படித்தவளல்ல. ஆனால் அந்தக் கட்டுரையில் நீங்கள் சொல்லும் ஓர் அதிகாரியின் கதையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. காணாமல் போன சக அதிகாரியைத் தேடிப் போகிறார் அவர். நண்பரின் உடல் குண்டில் சிதறிக் கிடக்கிறது. தலை ஒரு பக்கம், கை கால்கள் ஒரு பக்கம். அன்று முதல் இரவுதோறும் அந்த நண்பர் வருகிறார். சில நாள் களத்தில் கண்ட கோலத்தில், சில நாள் தொழுநோய் அரித்த முகத்தோடு. கிட்டக் கிட்ட நெருங்கி வருவார். இவர் வியர்த்துக் கொட்டி விழித்துக்கொள்வார். தூங்கப் போவதற்கே பயம். எல்லாரும் சொன்னபடி பகலில் அதை நினைக்காமலிருக்கப் போராடியிருக்கிறார்.

நீங்கள் அவரிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக் காட்டினீர்கள். உடல் அந்த அளவுக்குச் சிதறியிருக்கிறது என்றால் உயிர் அந்தக் கணமே போயிருக்கும், காயம்பட்டு மணிக்கணக்கில் கிடந்து சாகும் வேதனை உங்கள் நண்பருக்கு இருந்திருக்காது என்றீர்கள். அவர் முகம் தெளிந்தது என்று எழுதுகிறீர்கள். இனி அந்த நினைவு வந்தால் விரட்டப் போவதில்லை, நண்பன் துன்பப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில இரவுகள் கனவே இல்லை. பிறகு ஒரு நாள் அதே கனவு. அதே வெட்டவெளி, அதே சிதைந்த உடல். ஆனால் திகில் இல்லை. நண்பரின் அருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவர் உடைமைகளை எடுக்கிறார். நிஜத்திலும் அந்தக் கடமையைச் செய்தவர்தான் அவர். இடுப்பு பெல்ட்டைக் கழற்றும்போது விழிப்பு வருகிறது. அழுதுகொண்டிருக்கிறார். பயத்தில் வந்த அழுகையல்ல, நண்பன் போய்விட்டானே என்ற அழுகை. பின்னொரு கனவில் அந்த நண்பரோடு உட்கார்ந்து பேசவே செய்கிறார், தனக்கு நேர்ந்த நோயைப் பற்றி.

பொய்யான ஆறுதல் எதையும் நீங்கள் சொல்லவில்லை. செத்தவர் செத்தவர்தான், சிதைந்த உடல் சிதைந்ததுதான். நடந்ததிலேயே மனிதன் கைவைத்துத் தாங்கிக்கொள்ளத் தக்க ஓர் இடத்தைத் தேடிக் கொடுத்தீர்கள். எங்கள் அப்பாவுக்கும் அதேதான் நடந்தது. அதற்குத்தான் இந்த நன்றி.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நீலகிரியின் வெலிங்டனுக்கு ரிக்ரூட்டாக வந்தவர். ஹவில்தாராக ஓய்வுபெற்று, பயிற்சி பெற்ற அதே மலையில், குன்னூரில் குடியமர்ந்தவர். 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லையில், ஷகர்கர் பக்கம் சண்டைக்குப் போனார். அந்த வட்டாரம் முழுக்கக் கண்ணிவெடி புதைத்த நிலம், நூற்றுக்கணக்கான கஜ ஆழத்துக்கு. சண்டையைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசமாட்டார். ஆனால் நாங்கள் அந்தச் சண்டைக்குள்ளேயேதான் வளர்ந்தோம், எங்களுக்கே தெரியாமல்.

குன்னூரில் எங்கு போனாலும் குறுக்குவழி உண்டு. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, புல்சரிவு வழியே, பள்ளிக்கூடத்துக்குப் பத்தே நிமிடத்தில் போய்விடலாம். அப்பா கூட வந்தால் தார்ரோடுதான். மழையோ பனியோ, சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம். தவிர்க்க முடியாமல் மண்பாதையில் இறங்க நேர்ந்தால் முன்னால் போனவர்களின் கால்தடம் பார்த்து அதன்மேலேயே கால் வைப்பார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் வெச்ச எடத்துலயே காலு வை பாப்பா, அங்க இங்க வெக்காத" என்பார். கை ஈரமாக இருக்கும். புல்லில் பந்து போய் விழுந்தால் எடுக்க விடமாட்டார், புதுப் பந்து வாங்கித் தருவார். அம்மா இதை அட்டைக்கும் பாம்புக்கும் பயப்படுகிறார் என்று சொல்லிச் சமாளிப்பார். பட்டாளத்துக்காரருக்குப் பாம்புக்குப் பயமா என்று தெருவில் கேலியும் செய்திருக்கிறார்கள். அப்பா அதையும் கேட்டுக்கொண்டு போவார்.

பட்டாளத்திலிருந்து வந்ததும் வாட்ச்மேன் வேலைக்குப் போனார், பெரும்பாலும் இரவு ஷிப்ட். அறுபத்தைந்து வயது தாண்டி அந்த வேலையும் நின்றபின்தான் எல்லாம் வெளியே வந்தது. வேலை இருந்தவரை இரவில் விழித்திருக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது படுத்தாக வேண்டும், படுத்தால் கத்தல். அம்மா உலுக்கி எழுப்பினால் அம்மாவின் கையை முறுக்கிவிடுவார், பிறகு விடியும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஊரார் சொன்னது, உறவினர் சொன்னது, தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தவர் சொன்னது எல்லாம் ஒன்றுதான்: "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. மறந்துட்டு நிம்மதியா இருங்க." நூறு வருடங்களுக்கு முன் உங்கள் நோயாளிகளுக்குச் சொன்ன அதே வாசகம்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துப் போனோம். ராணுவத்தினரைப் பார்ப்பதிலேயே தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர் அந்த அம்மையார். முதல் நாள் அப்பாவிடம் சண்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எந்த பட்டாலியன், யார் கம்பெனி கமாண்டர், மெஸ்ஸில் என்ன சாப்பாடு, யார் நன்றாகப் பாடுவார் என்று கேட்டார். அப்பாவை "தம்பி" என்று கூப்பிட்ட அதிகாரிகளைப் பற்றிக் கேட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய்க்கு ராணுவம் முழுக்க அதுதான் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா அன்று கிளம்பும்போது, "அடுத்த வாரம் என்னிக்குங்கம்மா?" என்று தானே கேட்டார்.

அந்த அம்மையார்தான் உங்கள் பெயரை எனக்குச் சொன்னார். "நான் பண்றதுக்கெல்லாம் ஆரம்பம் ரிவர்ஸ்னு ஒருத்தர். உங்க ஊருக்குக்கூட வந்து தங்கியிருக்கார், தோடர்களைப் பத்திப் புஸ்தகம் எழுதினவர்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோடர்களைப் பற்றி எழுதிய ரிவர்ஸை நீலகிரியில் வரலாறு படித்த யாருக்கும் தெரியும். அவரும் போர் மருத்துவம் பார்த்த ரிவர்ஸும் ஒரே ஆள் என்பது அதுவரை என் தலையில் ஏறவில்லை.

நீங்கள் எங்கள் மலைக்கு வந்தது 1901இல். அப்போது தோடர்கள் எண்ணூறு பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். மந்து எனப்படும் அவர்கள் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு, யாருக்கு யார் அப்பா, யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார், எந்தக் குலம் என்று கேட்டுக் கேட்டு, ஏறக்குறைய அந்தச் சமூகம் முழுவதற்கும் வம்சாவளி எழுதினீர்கள். கண்பார்வை, நிறம் பிரித்தறிதல், வலி உணர்வு எல்லாம் சோதித்தீர்கள். 1906இல் 'தி தோடாஸ்' வந்தது. அதில் நீங்கள் மறைக்காமல் சொல்லும் ஒரு செய்தியை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். தோடர்களின் புனிதப் பால்மனைச் சடங்குகளின் ரகசியங்களை உங்களிடம் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது. ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவரின் மனைவி இறந்தார், ஒருவரின் மந்தில் தீப்பிடித்தது. சொல்லக்கூடாததை அந்நியனிடம் சொன்னதால் தெய்வம் கோபித்தது என்று தோடர்கள் நினைத்தார்கள். அதற்குப்பின் உங்களிடம் வாய் திறக்க ஆட்கள் தயங்கினார்கள்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் தன் உள்ளே காத்து வைத்திருப்பதை இன்னொருவனிடம் திறந்து சொல்வது சும்மா நடக்கிற காரியமல்ல, அதற்கு அவன் ஒரு விலை கொடுக்கிறான் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்த இடம் ஊட்டி. கேட்பவனுக்கும் அதில் பொறுப்பு உண்டு. 1915இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் மகல் ராணுவ மருத்துவமனைக்கும், 1916இல் எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனைக்கும் நீங்கள் போனபோது, ஐம்பதைத் தாண்டிய வயதில் இந்த வேலைக்குப் புதியவராகவே போனீர்கள். ஆனால் கேட்கும் கலையில் புதியவராகப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு வாழ்நாள் முழுக்கத் திக்குவாய். உங்கள் தந்தையே திக்குவாய்க்குப் பயிற்சி கொடுப்பதில் பேர்பெற்றவர், அவராலும் அதைத் தீர்க்க முடியவில்லை. வார்த்தை தொண்டையில் சிக்கி நிற்பது எப்படியிருக்கும் என்று அறிந்தவர்முன் உட்கார்ந்து, சொல்ல முடியாததைச் சொல்லத் தொடங்கிய இளைஞர்களுக்கு அதுவே பாதி தைரியம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில் வேறு வைத்தியமும் நடந்தது. லண்டன் குயின் ஸ்கொயரில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர், பேச்சு நின்றுபோன சிப்பாய்களின் தொண்டைக்கு மின்சாரம் பாய்ச்சி, பேசும்வரை அறையை விட்டு வெளியே விடமாட்டேன் என்று சொல்லிக் குணப்படுத்தியதைப் பெருமையாகப் புத்தகமாகவே எழுதினார். கோழைத்தனத்துக்கும் ஓடிப்போனதற்கும் தங்கள் ராணுவத்தாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் 306 பேருக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். இத்தனைக்கும் நடுவில் ஓர் அறையில் நாற்காலி போட்டு, "நிதானமாகச் சொல்லுங்கள்" என்று நீங்கள் காத்திருந்தீர்கள்.

கோயம்புத்தூரிலும் அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் ஒருவர் இருக்க, பகல் வெளிச்சத்தில், நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை. வியட்நாம் போருக்குப் பிறகு 1980இல்தான், போர் நினைவு விடாமல் துரத்தும் இந்த நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பெயரும் இடமும் கிடைத்தன. பிறகு எட்னா ஃபோவா போன்ற உளவியலாளர்கள் இந்த முறையை வரைமுறைப்படுத்தி, ஆய்வுகளால் நிறுவினார்கள். அந்த அம்மையார் அந்த வழியில் பயின்றவர்.

அப்பா சொன்ன சம்பவம் இதுதான். அவர் அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன். இரவு. கண்ணிவெடி வயலில் வெள்ளை நாடா கட்டி வழி போட்டிருக்கிறார்கள். வரிசையாகப் போகிறார்கள். பீரங்கிக் குண்டு விழத் தொடங்குகிறது, அப்பா நின்றுவிடுகிறார். பின்னால் வந்த கூட்டாளி, தென்காசிப் பக்கத்துக்காரர், அப்பா பங்காளி என்று கூப்பிடும் ஆள், நாடாவைத் தாண்டிக் காலெடுத்து வைத்துவிடுகிறார். அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கும் மேலாக அப்பாவுக்கு இருந்தது ஒரே எண்ணம்: நான் நின்றேன், அதனால் அவன் செத்தான்.

"உங்கள் தப்பில்லை" என்று அந்த அம்மையார் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை ஏற்கெனவே பலரும் சொல்லிவிட்டார்கள், அப்பா அதை நம்பியதும் இல்லை. மாறாக, சின்னச் சின்னதாகக் கேட்டார். முன்னால் நின்றது யார்? இடது பக்கமா வலது பக்கமா? கையில் என்ன இருந்தது? அவர் ஏதாவது பேசினாரா? ஒவ்வொரு வாரமும் கதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒரு வாரம், முன்னால் போனவர்களும் நின்றிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது, வரிசை முழுவதுமே நின்றிருக்கிறது. வேறொரு வாரம் அப்பா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று நிறுத்தி, "அவன் கையில தண்ணி பாட்டில் இருந்துச்சும்மா" என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது, நான் கேட்கட்டும் என்று அப்பாதான் திறந்து வைக்கச் சொன்னார். "நான் இருமினேன். தூசி. அவன் பின்னால இருந்து, தண்ணி வேணுமாடான்னு கேட்டுக்கிட்டே வந்தான்."

அதுவரை அந்த இரவில் அப்பா ஒரு கொலைகாரர். அன்றிலிருந்து அந்த இரவில் ஒரு நண்பன் இருந்தான். குற்றவுணர்வு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நான் இருமாமல் இருந்திருக்கலாமே என்று அப்புறமும் அப்பா கேட்டார். ஆனால் அந்த வருடம் அவரே விசாரித்து, அந்தப் பங்காளியின் தம்பியைக் கண்டுபிடித்து போன் போட்டார். அந்தத் தம்பிக்கும் இப்போது எழுபது வயது. "அண்ணன் கடைசியா என்ன சொன்னான்?" என்று அவர் கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் பதில் தெரியாத கேள்வி அது. "எனக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டான்" என்றார் அப்பா. உங்கள் அதிகாரி கனவில் பெல்ட்டைக் கழற்றி வீட்டாருக்கு அனுப்ப எடுத்து வைத்தாரே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த போன்தான் நினைவுக்கு வருகிறது.

கண்ணிவெடி அப்பாவை ஏன் இத்தனை ஆட்டியது என்பதற்கும் உங்களிடம்தான் விடை கிடைத்தது. கிரெய்க்லாக்ஹார்ட்டிலிருந்து லண்டனுக்கு, விமானப்படை மருத்துவமனைக்கு மாறிப் போனபின், விமானிகளின் பயத்தைப் புரிந்துகொள்ள நீங்களே விமானத்தில் ஏறிப் பறந்தீர்கள். விமானத்தை ஓட்டுபவரைவிட, கம்பியில் கட்டிய பலூனில் உட்கார்ந்து வேவு பார்ப்பவர் மனம் உடைவது அதிகம் என்று கவனித்தீர்கள். ஆபத்து வரும்போது செய்வதற்குக் கையில் ஏதாவது வேலை இருந்தால் மனிதன் தாங்குகிறான். கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தால் அவனுக்குள் ஏதோ முறிகிறது. கண்ணிவெடி வயலில் நிற்பவன் துப்பாக்கியை யாரை நோக்கி நீட்டுவான்? அப்பா வீரச் சக்கரக் கதைகளைக் கேட்கும்போது எழுந்து வெளியே போய்விடுவதன் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய சண்டையில் அடிக்க எதிரியே இல்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கு உண்டு. சாதாரணச் சிப்பாய்க்குப் பேச்சு நின்றுபோவது, கைகால் விளங்காமல் போவது போன்ற நோய்களும், அதிகாரிகளுக்குக் கவலையும் கொடுங்கனவுகளும் வருவதைக் கண்டு, படிப்பும் வளர்ப்பும் அதிகாரியின் மனத்தைச் சிக்கலாக்கியிருக்கின்றன என்று விளக்கம் எழுதினீர்கள். கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கு மட்டுமான இடம். பிரான்சின் பதுங்குகுழிகளில் கிடந்த இந்தியச் சிப்பாய் அந்த வாசலைப் பார்த்ததில்லை. எங்கள் அப்பா எட்டாம் வகுப்பு. அவர் நாற்பது வருடம் தனக்குள் நடத்திய விசாரணையின் நுணுக்கத்தை நீங்கள் அருகிலிருந்து கேட்டிருந்தால் அந்தப் பக்கங்களை மாற்றி எழுதியிருப்பீர்கள். உங்களால் அது முடியும் என்று நம்பித்தான் சொல்கிறேன். தோடர்களிடம் உட்கார்ந்து கேட்டவருக்கு இது பெரிய தூரமல்ல.

நன்றிமடலில் எழுதுவது கடினம் என்றாலும் இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் குணப்படுத்தியவர்களில் போர்முனைக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு. அதுதான் உங்களுக்கு ராணுவம் கொடுத்த வேலை. போரை இனி நடத்தக் கூடாது என்று பகிரங்கமாக அறிக்கை விட்ட கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1917 ஜூலையில் உங்களிடம் அனுப்பப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் அவமானம், நோயாளி என்றால் பிரச்சினை முடிந்தது என்பது மேலிடத்துக் கணக்கு. அவருக்குப் பைத்தியமில்லை என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும். மாதக்கணக்கில் பேசினீர்கள், நவம்பரில் அவர் தானே விரும்பிப் பணிக்குத் திரும்பினார். அடுத்த ஜூலையில் தலையில் குண்டடி பட்டது. உயிர் பிழைத்து லண்டன் மருத்துவமனையில் கிடந்தவரை நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். கடைசிவரை உங்களைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பேசினார் அவர்.

இது சரியா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வி உங்களை உறுத்தியது என்பதற்குச் சாட்சியம் நீங்களே விட்டுப் போயிருக்கிறீர்கள். நோயாளியின் கருத்தை மாற்ற வேண்டிய மருத்துவருக்கே நோயாளியின் கருத்து ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற சங்கடத்தை, உங்கள் சொந்தக் கனவு ஒன்றை அலசி, நீங்கள் இறந்தபின் 1923இல் வந்த புத்தகத்தில் எழுதிவைத்தீர்கள். ராணுவச் சீருடையில் இருந்த ஒரு மருத்துவர் தன் மனத்தைத் தானே கூண்டிலேற்றுவது எந்தக் காலத்திலும் எளிதல்ல. கடைசி ஆண்டில் அரசியலுக்கே வந்து, லேபர் கட்சி வேட்பாளராக நிற்க ஒப்புக்கொண்டீர்கள். தேர்தலுக்குமுன் குடலிறக்கம் இறுகிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டீர்கள்.

அந்த 1917 கட்டுரையிலேயே இன்னோர் அதிகாரி வருகிறார். குண்டு வெடித்துத் தூக்கியெறியப்பட்டு, பல நாள் செத்துக் கிடந்த ஒரு ஜெர்மானியனின் வயிற்றின்மேல் முகம் மோத விழுந்தவர். அதற்கு மேல் நான் எழுதவில்லை, நீங்கள் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விட்டுப் போகவில்லை. அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை. அந்த நினைவில் தாங்கிக்கொள்ள ஓர் இடமும் கண்ணுக்குப் படவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவருக்கு முன்பு நிம்மதி கொடுத்த கிராமப்புற வாழ்க்கைக்கு, ராணுவத்தை விட்டு, அவரைப் போக விட்டீர்கள். வெற்றிக் கதைகளோடு கட்டுரையை முடித்திருக்கலாம். என் முறை எல்லாருக்கும் பலிக்கும் என்று கைதட்டல் வாங்கியிருக்கலாம். செய்யவில்லை.

அந்த நேர்மையை நான் கோயம்புத்தூரிலும் கண்டேன். "கத்தல் குறையும், அம்மா பக்கத்துல தூங்கலாம். புல்லுல நடப்பாரான்னு கேட்டா நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று அந்த அம்மையார் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. அப்பா இன்றும் தார்ரோட்டில்தான் நடக்கிறார். முன்பு என் மணிக்கட்டைப் பிடித்தது போல இப்போது பேரனின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். ஒரே வித்தியாசம், ஏன் என்று பையன் கேட்டால் சொல்கிறார். "தாத்தாவுக்கு அந்தக் காலத்துல ஒரு இடத்துல வெடி இருந்துச்சு, அந்தப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, பங்காளியைப் பற்றியும் சொல்கிறார். அவர் சப்பாத்தியைத் தீய்த்தே வைப்பாராம், தமிழ் சினிமாப் பாட்டை இந்தி வார்த்தை போட்டுப் பாடுவாராம். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக உச்சரிக்கப்படாத ஒரு பெயர் இப்போது சாப்பாட்டு நேரத்தில் சிரிப்போடு வந்து போகிறது. அம்மா இரவில் கட்டிலில்தான் தூங்குகிறார், ஹாலில் பாய் விரிப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

வெலிங்டன் மைதானத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுத் தம்பிகள் பயிற்சி முடித்துச் சத்தியப் பிரமாணம் எடுக்கிறார்கள். பெற்றோர் பெருமையோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெற்றோரிடமும், வருங்காலத்தில் அவர்களுக்கு வாழ்க்கைப்படப் போகும் பெண்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை திரும்பி வந்து தூக்கத்தில் கத்தினால், "மறந்துடுப்பா" என்று சொல்லாதீர்கள். மெஸ்ஸில் என்ன சாப்பாடு என்று கேட்டு ஆரம்பியுங்கள். அவனாகப் பேச வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். உங்களால் தாங்க முடியாத அளவுக்கு வந்தால், அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு எங்கே என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அங்கே மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு வாரம் அடுத்தவர் கண்ணிவெடி வயலுக்குள் போய்விட்டு, மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பிச் சோறாக்குகிற மனிதர் அவர்.

அவர்களுக்கு யாரும் மெடல் குத்துவதில்லை. எங்கள் அப்பாவைப் பார்த்த அம்மையாரிடம் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதட்டுமா என்று கேட்டபோது, என் பெயர் வேண்டாம் என்றார். ரிவர்ஸ் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதனால்தான் இது உங்கள் முகவரிக்கு வருகிறது, டாக்டர். உங்களுக்கும் அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தென்காசிப் பக்கத்தில் ஒரு வீடும் தன் நன்றியைச் சேர்த்துச் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்,
குன்னூர்.